தீவில் இறக்கிவிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்

செர்டாங் என்றவுடன் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருக்குப் புத்ரா பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். அது சிலாங்கூரில் உள்ள செர்டாங். என்னுடைய செர்டாங் கெடா மாநிலத்தின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில், கூலிமுக்கும் பேராக் எல்லைக்கும் இடையில் இருக்கும் சிற்றூர். கோலாலம்பூரில் படித்த காலத்தில் யாராவது ஊர் எது என்று கேட்டால் “செர்டாங்” என்பேன். “அப்படியானால் வாரா வாரம் வீட்டுக்குப் போய்விடலாமே!” என்பார்கள். இன்னொரு செர்டாங்கும் இருக்கிறது என்று விளக்கியே மூன்றாண்டுகள் ஓடிவிட்டன.

2020ஆம் ஆண்டில் அந்தப் பெரிய செர்டாங் வேறொரு காரணத்தால் நாடறிந்த பெயராயிற்று. அங்குள்ள மேப்ஸ் வேளாண் கண்காட்சி மையம், கோவிட்-19 நோயாளிகளைத் தனிமைப்படுத்திச் சிகிச்சை அளிக்கும் இடமாக மாற்றப்பட்டது. அதே நாட்களில் எங்கள் சின்ன செர்டாங்கில், எங்கள் குடும்பம் வேறொரு தனிமைப்படுத்தலை எண்ணித் தூக்கமில்லாமல் கிடந்தது. என் சித்தப்பா மகன் ஓர் அயல்நாட்டு உல்லாசக் கப்பலின் சமையல் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தான். மார்ச் மாதத்தில் பயணிகள் அனைவரும் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவனும் அவனைப் போன்ற ஊழியர்களும் இறங்க முடியவில்லை. எந்தத் துறைமுகமும் அவர்களை ஏற்கவில்லை. கப்பல் நங்கூரமிட்டு நடுக்கடலில் நின்றது.

“அண்ணே, கரை கண்ணுக்குத் தெரியுது. ராத்திரி விளக்கெல்லாம் தெரியுது. ஆனா எறங்கத்தான் முடியல” என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்.

அதைக் கேட்டபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. ஏறக்குறைய இதே வார்த்தைகளை அவர் எனக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு, கப்பலில் நோய் பரவும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி என் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன்.

பாட்டி கண்ட தீவு

என் பாட்டி 1937ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அதற்கு அடுத்த ஆண்டே உதவிபெற்று வரும் தோட்டத் தொழிலாளர்களின் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஆகவே கங்காணியின் பேச்சை நம்பிக் கூட்டமாக வந்த கடைசித் தலைமுறை அவருடையது எனலாம். அவர் வந்தது ரஜூலா கப்பலில். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம்மவர்களைச் சுமந்தது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ஆனால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர். பாயை விரித்த இடமே அவருடைய இடம்.

பினாங்குக்கு அருகே வந்ததும் டெக் பயணிகளைப் படகுகளில் ஏற்றி ஒரு தீவுக்குக் கொண்டு போனார்கள் என்பார் பாட்டி. துணிமணிகளை வாங்கி ஆவியில் அவித்தார்கள். மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். நீண்ட கொட்டகையில் நாள் கணக்கில் இருக்க வைத்தார்கள். “எதுக்குன்னு யாரும் சொல்லல. தீவுல அடைச்சி வெச்சாங்க. அங்கிருந்து பார்த்தா பினாங்கு வெளக்கு தெரியும்” என்பார். தன் வாழ்நாளில் தனிமைப்படுத்தல் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவருக்கு அது ‘தீவுல போட்டது’, அவ்வளவுதான்.

அந்தத் தீவு ஜெரெஜாக். பினாங்கின் இரண்டு பாலங்களுக்கும் நடுவில் இன்றும் பசுமையாக நிற்கிறது. செர்டாங்கிலிருந்து நாங்கள் பினாங்குக்குப் போகும்போது, சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்சாம் ஷா பாலத்தில் ஏறினால் வலப்பக்கம் தெரியும். 1870களில் அங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லமும், குடியேறிகளைத் தனிமைப்படுத்தும் நிலையமும் அமைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், 1874இல், சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இப்படியொரு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே வாந்திபேதி பரவியதே அதற்குக் காரணம். ஜெரெஜாக் பிற்காலத்தில் காசநோய் மருத்துவமனையாகவும், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. சிறைத் தீவு என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். வடமலேசியாவில் வாழும் நம் குடும்பங்களில் பலவற்றின் மலாயா வாழ்க்கை தொடங்கிய இடம் அதுதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு செய்தியும் உண்டு. அதே கப்பலில் கேபினில் பயணம் செய்தவர்கள் பெரும்பாலும் தீவுக்குப் போகவில்லை, நேராகக் கரையிறங்கினார்கள். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே காற்று. பயணச்சீட்டின் விலையைப் பார்த்து யாரிடம் நோய் இருக்கும் என்று முடிவு செய்யப்பட்டது.

தனிமைப்படுத்தல் தவறா?

இப்படிச் சொல்வதால் தனிமைப்படுத்தலே கூடாது என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அது தேவையானது. 1377இல் ரகூசா என்ற துறைமுக நகரம், அதாவது இன்றைய டூப்ரோவ்னிக், கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்திவைத்தது. பின்னர் வெனிஸ் போன்ற இத்தாலியத் துறைமுகங்களில் அது நாற்பது நாள் ஆயிற்று. குவாரண்டின் என்ற சொல்லே நாற்பது என்னும் பொருள் கொண்ட இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது.

அந்தக் காலத்தில் நாள் கணக்கு அனுபவத்தால் வந்தது. இன்று அதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது. கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி தெரிவதற்கு ஒரு கால இடைவெளி உண்டு. வாந்திபேதிக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை, பெரியம்மைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், கோவிட்-19 நோய்க்கு இரண்டு வாரம் வரை. அந்த இடைவெளி முடியும்வரை ஒருவர் நலமாகத் தெரிந்தாலும் நம்பிவிட முடியாது. 2020 ஜூலையில் நம் கெடா மாநிலத்தின் குபாங் பாசு வட்டாரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவருக்கு முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அவர் வீட்டில் தனித்திருக்கும் கட்டளையை மீறி வெளியே போனார். நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவியது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. பதினான்கு நாள் என்பது அதிகாரிகள் வேண்டுமென்றே வைத்த எண் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கப்பலோ நோய் பரவுவதற்கு ஏற்ற இடம். ஆயிரக்கணக்கானோர் ஒரே உணவுக்கூடத்தில் உண்கிறார்கள், ஒரே கைப்பிடியைப் பிடித்துப் படியேறுகிறார்கள். பயணிகளில் முதியோர் அதிகம். கப்பல்களில் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்குக்கு நோரோ என்ற நச்சுயிரி முக்கியக் காரணம். மிகச் சிறிய அளவே ஒருவரை நோயில் தள்ளப் போதும். அறிகுறி ஓரிரு நாளில் தெரிந்துவிடும். அதற்குள் அடுத்தவருக்குப் போயிருக்கும். சாராயம் கலந்த கைத்தூய்மி அதனிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. சோப்பும் தண்ணீரும்தான் கைகொடுக்கும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைக் கண்காணிக்க அந்நாடு 1970களிலேயே தனித் திட்டம் தொடங்கியது. பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூவருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், அந்தக் கப்பலின் பெயர் பொதுமக்கள் அறிய வெளியிடப்படும். இது நல்ல ஏற்பாடு.

ஆகவே கேள்வி தனிமைப்படுத்தலாமா கூடாதா என்பதல்ல. எங்கே, யாரை, எப்படி நடத்தித் தனிமைப்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

கேபினும் சமையற்கூடமும்

2020 பிப்ரவரி 3ஆம் நாள் டைமண்ட் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பல் யோகோஹாமா வந்தது. முன்னதாக ஹாங்காங்கில் இறங்கிய ஒரு பயணிக்கு நோய் உறுதியாகியிருந்தது. கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். பிப்ரவரி 5 முதல் பயணிகள் தத்தம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஜப்பானிய அரசு கட்டளையிட்டது. முடிவில் 712 பேருக்கு நோய் கண்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பயணிகள் அறைக்குள் இருந்தார்கள், சரி. அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு கொடுத்தது யார்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் அறைகளைப் பகிர்ந்துகொண்டு தூங்கினார்கள், ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள். பிப்ரவரி 9 வரை நோய் உறுதியான ஊழியர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. மேலே பயணிகளுக்குத் தனிமை, கீழே ஊழியர்களுக்கு நெரிசல். அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர் இருந்தனர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். தங்களையும் பயணிகளைப் போலத் தனிமைப்படுத்துங்கள், காப்பாற்றுங்கள் என்று ஊழியர்கள் சிலர் கைப்பேசியில் படம்பிடித்து உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். அவர்களில் தமிழரும் இருந்தார்.

என் பாட்டி காலத்தில் டெக் பயணியைத் தீவில் அடைத்தார்கள், கேபின் பயணியை விட்டுவிட்டார்கள். டைமண்ட் பிரின்சஸில் கேபின் பயணியை அறையில் வைத்துக் காத்தார்கள், ஊழியரை நோயோடு விட்டுவிட்டார்கள். முறை தலைகீழாக மாறியிருந்தாலும் பாரம் விழுந்தது அதே தோளில்தான். இதில் ஒரு மருத்துவ உண்மையும் உண்டு. ஊழியர்களைக் காக்காமல் பயணிகளைக் காக்கவே முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வருபவரிடம் நோய் இருந்தால் அறைக்கதவு எதைத் தடுக்கும்?

திருப்பி அனுப்பிய பினாங்கு

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2020 மார்ச் 7ஆம் நாள் கோஸ்தா ஃபார்சூனா என்ற உல்லாசக் கப்பல் பினாங்கில் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 2,000 பேர் இருந்தனர். இத்தாலியர்களும் இருந்ததால், அதற்கு முந்தைய நாளே புக்கெட் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. தொடர்ந்து நம் நாட்டுத் துறைமுகங்கள் அனைத்தும் உல்லாசக் கப்பல்களுக்கு மூடப்பட்டன. கப்பல் சிங்கப்பூருக்குப் போய் மார்ச் 10ஆம் நாள் பயணிகளை இறக்கியது. அந்தச் சிங்கப்பூரும் மார்ச் 13 முதல் உல்லாசக் கப்பல்களுக்குக் கதவை அடைத்தது.

அன்று நானும் அதை ஆதரித்தவன்தான். “நல்ல வேளை, விடவில்லை” என்று வீட்டில் சொன்னேன். பினாங்கு மக்களின் உயிரைக் காப்பது மாநில அரசின் கடமை. அப்போது இந்த நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் குறைவு. ஆகவே அன்று முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து என் தம்பியின் கப்பலை வேறொரு நாடு திருப்பி அனுப்பியபோது எனக்கு அது நல்ல வேளையாகத் தெரியவில்லை. அந்த நாட்டிலும் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து நான் சொன்னதையே சொல்லியிருப்பார்.

நாம் கப்பல்களுக்குக் கதவை அடைத்த அதே நாட்களில் நோய் நிலத்தின் வழியாக நாட்டுக்குள் பரவிக்கொண்டிருந்தது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையே வந்துவிட்டது. கடல் வாசலை அடைத்ததால் மட்டும் வீடு தப்பவில்லை.

2007இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகச் சுகாதார விதிகள் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கின்றன. சுகாதாரக் காரணத்துக்காக ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வருவதைத் தடுக்கலாகாது. அந்தத் துறைமுகத்தில் வசதி இல்லையென்றால், வசதியுள்ள மிக அருகிலுள்ள துறைமுகத்துக்கு அனுப்பலாம். அப்படியானால் எந்த நாட்டுக்கும் அப்படியொரு துறைமுகமாவது இருக்க வேண்டுமல்லவா? எல்லோரும் அடுத்த துறைமுகத்தைக் கைகாட்டினால் கப்பல் எங்கே போகும்?

கைகாட்டாமல் ஏற்றுக்கொண்ட நாடும் உண்டு. வெஸ்டர்டாம் என்ற கப்பலைப் பல இடங்கள் மறுத்த பிறகு, 2020 பிப்ரவரி 13ஆம் நாள் கம்போடியாவின் சிஹானுக்வில் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து இறங்கிக் கோலாலம்பூர் வந்த ஒரு மூதாட்டிக்கு இங்கே நோய் இருப்பதாகச் சோதனை காட்டியது. கம்போடியா அவசரப்பட்டுவிட்டது என்று உலகமே பேசியது. பின்னர் நடந்த சோதனைகளில் அவருக்கு நோய் இல்லை என்று தெரிந்தது. நம்மைவிட வசதி குறைந்த நாடு செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

என்ன செய்யலாம்?

பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறைக்கு உல்லாசக் கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கிவிட்டன. இன்னொரு நோய் வரும் என்பதிலும் ஐயமில்லை. ஆகவே சிலவற்றை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலாவதாக, நோயுள்ள கப்பலை ஏற்கும் துறைமுகம் எது, இறங்குபவர்களை எங்கே தங்க வைப்பது என்பதை அமைதியான காலத்திலேயே முடிவு செய்ய வேண்டும். நோயாளியைக் கப்பலுக்குள்ளேயே வைத்திருப்பது மற்றவர்களுக்கும் ஆபத்து. ஒரு கண்காட்சி மையத்தைச் சில நாட்களில் மருத்துவ நிலையமாக மாற்றிய நாடு இது. மேப்ஸ் அதற்குச் சான்று. துறைமுகத்துக்கு அருகே அப்படியோர் இடத்தைக் குறித்து வைப்பது நமக்கு இயலாத காரியமல்ல.

இரண்டாவதாக, ஊழியருக்கும் பயணிக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். தனி அறை, பரிசோதனை, ஊர் திரும்பும் வழி, அதுவரை சம்பளம் ஆகியவை ஊழியருக்கும் கிடைக்க வேண்டும். என் தம்பிக்கு ஜன்னலுள்ள பயணியர் அறை கிடைத்தது, பயணிகளெல்லாம் இறங்கிய பிறகுதான். “நாலு வருசம் அந்தக் கப்பல்ல வேல செஞ்சேன். அன்னிக்குத்தான் மொத தடவையா என் ரூம்ல இருந்து கடலப் பார்த்தேன்” என்றான். ஆனால் அந்த மாதத்தோடு சம்பளம் நின்றுபோனது.

மூன்றாவதாக, அடைத்து வைக்கப்படுபவருக்கு ஏன், எத்தனை நாள் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை. என் பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் அவர் அதைத் தண்டனையாகவே நினைத்துக்கொண்டிருந்தார். தான் என்ன தவறு செய்தோம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. காரணம் தெரிந்தவர் ஒத்துழைப்பார், தெரியாதவர் ஒளிந்து ஓடுவார்.

நான்காவதாக, நோய்க்கு ஊரின் பெயரையோ இனத்தின் பெயரையோ சூட்டுவதை விட வேண்டும். நான் மேலே சொன்ன குபாங் பாசு தொற்றுக்கு நம் நாட்டில் ‘சிவகங்கா’ என்று பெயர் வைத்தார்கள். சிவகங்கைச் சீமையின் வரலாறு அறியாதவர்களுக்கு இன்று அது ஒரு நோயின் பெயர். ஒருவர் செய்த தவற்றுக்கு ஒரு மாவட்டமே பெயர் கொடுக்க வேண்டியதில்லை.

நம் பங்கு

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் மருத்துவம் படிக்கிறீர்கள், சிலர் சட்டம் படிக்கிறீர்கள். நாளை துறைமுகச் சுகாதார அதிகாரியாகவோ அமைச்சில் முடிவெடுப்பவராகவோ உங்களில் ஒருவர் இருக்கக்கூடும். ஒரு கப்பல் வெளியே நிற்கும்போது, உள்ளே இருப்பவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். நம் பாட்டன் பாட்டிமார் அப்படி வெளியே நின்ற கப்பலில் இருந்தவர்கள்.

நம் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஜெரெஜாக் தீவில் 1914இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்த ரஷ்யக் கப்பலின் மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. மகிழ்ச்சி. அங்கே நாள் கணக்கில் காத்திருந்த தமிழர்களின் நினைவாகவும் ஒரு பலகை வேண்டும். தீவுக்கு மேம்பாட்டுத் திட்டங்கள் அவ்வப்போது அறிவிக்கப்பட்டு வருகின்றன. பழைய கட்டடங்கள் இருக்கும்போதே அதைக் கேட்க வேண்டும். அதற்கு முன், உங்கள் வீட்டில் கப்பல் கதை தெரிந்த முதியவர் யாராவது இருந்தால் இந்த விடுமுறையிலேயே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். என் பாட்டி 2009இல் காலமானார். அவர் எத்தனை நாள் தீவில் இருந்தார், அங்கே என்ன சாப்பிட்டார், கூட வந்தவர்களில் யாராவது அங்கேயே இறந்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்க ஆளில்லை.

தம்பி 2020 மே மாதக் கடைசியில் நாடு திரும்பினான். விமான நிலையத்திலிருந்து நேராகத் தங்குவிடுதிக்கு அழைத்துப் போய்ப் பதினான்கு நாள் வைத்திருந்தார்கள். அவனைப் பார்க்கப் போன சித்தப்பா, சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கையசைத்துவிட்டு வந்தார். அங்கிருந்த சுகாதார ஊழியர் ஒருவர் தினமும் கதவைத் தட்டி, “இன்னும் இத்தனை நாள்தான், தம்பி” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போவாராம். பதினான்கு நாளும் எப்படிப் போயின என்று கேட்டால், அவன் முதலில் சொல்வது இதைத்தான்.